கறுத்த ஸ்கிரீன், வராத மூன்றாவது வரி

கேள்வி: அண்ணா, நான் காரைதீவு. சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில் கணக்குப் பகுதியில் வேலை. கொம்பியூட்டர் பிரச்சினை எது வந்தாலும் என் தலையில்தான் விழும். மில்லில் பழைய டவர் சேர்வர் ஒன்று இருக்கிறது. டெபியன் 12 லினக்ஸ், அதில் ஸென் ஹைப்பர்வைசர் (ஒரே இயந்திரத்தைப் பல கொம்பியூட்டர் மாதிரிப் பிரித்து ஓட்டும் மென்பொருள்), அதற்குள் நான்கு வேர்ச்சுவல் மெஷின்: நெல் கொள்முதல் கணக்கு, லொறித் தராசுப் பதிவு, சம்பளம், பைல் சேர்வர். போன கிழமை அப்டேட் போட்டேன். இடையில் ஏதோ பிழைச் செய்தி வந்தது. எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். முந்தநாள் இரவு கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, சேர்வர் அணைந்துவிட்டது. இப்போது போட்டால் க்ரப் மெனு, அதாவது எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல், வருகிறது. 'லோடிங் ஸென்', 'லோடிங் லினக்ஸ்' என்று இரண்டு வரி வருகிறது. பிறகு ஸ்கிரீன் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் தானாக ரீஸ்டாட் ஆகி மறுபடி அதே கதை. ஒருவர் சீரியல் கொன்சோல் போட்டுப் பார்க்கச் சொன்னார், அது என்னவென்றே எனக்குத் தெரியாது. இன்னொருவர் ரீஇன்ஸ்டோல் பண்ணச் சொல்கிறார். பெரும்போக நெல் வந்து இறங்குகிறது, முதலாளி வாசலில் நிற்கிறார். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த இன்ஸ்டோல் பென் டிரைவைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தில் இதே மாதிரி ஒரு சேர்வர் எழும்ப மறுத்தது. இரவு இரண்டு மணி, நித்திரைக் கண். "ரீஇன்ஸ்டோல் பண்ணினால் அரை மணித்தியாலம்" என்று நானே முடிவெடுத்து, டிஸ்க் பிரிக்கும் இடத்தில் முழு டிஸ்க்கையும் பயன்படுத்து என்பதில் என்டர் தட்டிவிட்டேன். ஹைப்பர்வைசர் புதிதாய் எழும்பியது. உள்ளே இருந்த மெஷின்கள் போயேவிட்டன. கடதாசி பில்களைப் பார்த்து ஒன்பது நாள் திரும்பத் தட்டினோம். அந்த சேர்வர் ஏன் எழும்பவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தடயத்தையும் சேர்த்தல்லவா அழித்துவிட்டேன்.

உங்கள் நான்கு மெஷின்களும் டிஸ்க்கில் அப்படியே கிடக்கின்றன. ஸென் பூட் ஆகாததால் அவற்றுக்கு எந்தச் சேதமும் வராது. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: 'லோடிங் லினக்ஸ்' என்ற வரிக்குப் பிறகு என்ன நடக்கிறது?

அதைச் சொல்ல வேண்டிய ஸ்கிரீன் ஏன் கறுத்துப் போகிறது என்று முதலில் பார்ப்போம். ஸென் வேலை செய்யும் விதம் சாதாரண லினக்ஸ் மாதிரி இல்லை. க்ரப் முதலில் ஏற்றுவது ஸென்னைத்தான். ஸென் எழும்பி, நினைவகம், புரொசசர் எல்லாவற்றையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, டொம்0 என்று சொல்லும் முதல் லினக்ஸை எழுப்பும். டிஸ்க்கையும் நெட்வேர்க் கார்டையும் ஓட்டுவது அந்த டொம்0. அதை எழுப்பும் கட்டத்தில் ஸ்கிரீனை இனி நீ பார்த்துக்கொள் என்று ஸென் அதனிடம் விட்டுவிடும். டொம்0 அந்த ஸ்கிரீனைத் தன் வசம் எடுப்பதற்குள் செத்துப் போனால், சொல்ல வந்த கடைசி வார்த்தை உங்கள் கண்ணில் படாது. ஸென்னோ டொம்0 விழுந்ததைக் கண்டதும் ஐந்து வினாடி பொறுத்து இயந்திரத்தை ரீபூட் செய்யும். நீங்கள் பார்க்கிற வட்டம் இதுதான்.

சீரியல் கொன்சோல் என்றால், சேர்வரின் சீரியல் போர்ட்டில் ஒரு வயரைப் போட்டு, அது சொல்வதை இன்னொரு கொம்பியூட்டரில் வாசிப்பது. சீரியல் போர்ட்டுக்கு இந்தக் கைமாற்றுப் பிரச்சினை இல்லை. ஸென் தொடங்கிய கணத்திலிருந்து கடைசிவரை அதைத் தன் கையிலேயே வைத்திருக்கும். டொம்0 சொல்வதையும் வாங்கி அதே வயரில் அனுப்பும். கல்லடிப் பாலத்தடியில் பூரண நிலவுக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்ட கதை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் வாவி சும்மா கிடக்கும். சீரியல் கொன்சோல் அந்தத் துடுப்பு மாதிரி. பார்க்கப்போனால் ஆர்எஸ்-232 என்ற அந்த முறை 1960இல் வந்த பழசு, ஸென் 2003இல் வெளிவந்த பொடியன். ஆனால் பழசுக்கு டிரைவர் தேவையில்லை, வீடியோ கார்ட் தேவையில்லை. மூன்று கம்பி போதும்.

வயரைத் தொடுமுன் இன்றிரவே ஒன்று செய்யலாம். க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்ற வரி இரண்டு இருக்கும், ஒன்று வெறும் டெபியனுக்கு, மற்றது ஸென்னோடு. ஸென் உள்ளதைத் திறந்து, பழைய கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒன்று பட்டியலில் இருந்தால் அதைத் தெரிந்து போட்டுப் பாருங்கள். எழும்பினால் நெல் வாங்குகிற வேலை காலையில் தொடரும், முதலாளியும் வாசலை விட்டு உள்ளே போவார். எழும்பாவிட்டால் ஸென் இல்லாத வெறும் டெபியனை, அதிலும் பழைய கேர்னலோடு, போட்டுப் பாருங்கள். அது எழும்பினால் டிஸ்க்கும் இயந்திரமும் நலம், கோளாறு ஸென் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த வேலையை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரியாமல் எழும்பிய சேர்வர், அடுத்த கரண்ட் கட்டில் திரும்பப் படுக்கும்.

சரி, வயர். சேர்வரின் பின்பக்கத்தில் ஒன்பது பின் உள்ள ஆண் சொக்கெட் ஒன்று இருக்கும். பழைய டவர் என்றால் அநேகமாக இருக்கும். இல்லாவிட்டால் மதர்போட்டில் காம் என்று எழுதிய பத்துப் பின் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து வெளியே எடுக்கும் பட்டி வயர் கடையில் கிடைக்கும், ஆனால் அதில் இரண்டு விதமான கம்பி வரிசை உண்டு. மாறி வாங்கினால் ஒரு பகல் முழுக்க வெறும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் இருந்திருக்கிறேன்.

லப்டொப் பக்கத்துக்கு யூஎஸ்பி–சீரியல் மாற்றி வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் மில்லிலேயே ஒன்று இருக்கக்கூடும். லொறித் தராசின் எடை காட்டும் பெட்டியிலிருந்து கொம்பியூட்டருக்கு வருகிற வயரைப் போய்ப் பாருங்கள். அது பெரும்பாலும் இதே ஆர்எஸ்-232தான், நடுவில் ஒரு யூஎஸ்பி மாற்றியும் தொங்கும். தராசு ஓயும் நேரத்தில் அந்த மாற்றியைக் கடன் வாங்குங்கள். வயரை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சேர்வரும் லப்டொப்பும் நேருக்கு நேர் பேச வேண்டுமென்றால் ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும்: ஒரு முனையின் 2ஆம் பின் மறுமுனையின் 3ஆம் பின்னுக்கு, 3 இங்கே 2 அங்கே, 5ஆம் பின் நேரே 5க்கு. கடையில் 'நல் மொடம்' கேபிள் என்று கேட்டால் தருவார்கள். தராசு வயர் நேர் வயராகவும் இருக்கலாம். மல்டிமீட்டரை பஸர் சத்தத்தில் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ரவுட்டர் திருத்துகிற பெடியன்கள் வைத்திருக்கும் சின்னப் பச்சைப் பலகை மாற்றியை மட்டும் வாங்கிச் செருகிவிடாதீர்கள். அது 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசும். சேர்வர் போர்ட்டில் பிளஸ்ஸும் மைனஸுமாக 15 வோல்ட் வரை வரலாம், பலகை எரிந்துவிடும்.

மாற்றி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு கடதாசிக் கிளிப் போதும். சேர்வரோடு பொருத்துமுன், லப்டொப்பில் மாற்றியைச் செருகி, புட்டி என்ற டேர்மினல் மென்பொருளைத் திறந்து அந்த மாற்றியின் காம் போர்ட்டைத் தெரிவுசெய்யுங்கள். வேகம் 115200, டேட்டா 8, பரிட்டி இல்லை, ஸ்டொப் 1, ஃப்ளோ கொன்ட்ரோல் இல்லை. இப்போது கிளிப்பை நிமிர்த்தி மாற்றியின் 2ஆம், 3ஆம் பின்களை ஒன்றாகத் தொடவிட்டு, கீபோர்டில் 'அ' வேண்டாம், ஆங்கில எழுத்து எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து ஸ்கிரீனில் வரும். கிளிப்பை எடுத்துவிட்டுத் தட்டினால் ஒன்றும் வராது. இந்தச் சோதனை சரி வந்தால் லப்டொப் பாதி முடிந்தது, இனி எது பிழைத்தாலும் வயரிலோ சேர்வரிலோதான். கடற்கரைக் காற்றுக்கு நம் ஊரில் பின் எல்லாம் பச்சை பிடிக்கும். வராவிட்டால் முதலில் துடைத்துப் பாருங்கள்.

வயரைப் பொருத்தும்போது லப்டொப் சார்ஜரில் இருக்க வேண்டாம், பட்டரியில் ஓடட்டும். மில்லில் ஒரு பிளக்கின் எர்த்தும் மற்றப் பிளக்கின் எர்த்தும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த வித்தியாசம் இந்த மெல்லிய வயரால் ஓடினால் போர்ட் போய்விடும். இடி முழக்கம் கேட்டால் வயரைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணீர் குடியுங்கள்.

புட்டியில் இன்னொரு வேலை: லொக்கிங் பக்கத்தில் 'ஓல் செஷன் அவுட்புட்' என்பதைத் தெரிந்து ஒரு பைல் பெயர் கொடுத்துவிடுங்கள். வரிகள் விறுவிறுவென்று ஓடும், கண்ணால் பிடிக்க முடியாது. போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்த காலமெல்லாம் போதும்.

இனி சேர்வருக்குச் சொல்ல வேண்டும், இந்த வழியாகப் பேசு என்று. க்ரப் மெனுவில், எழும்ப மறுக்கும் அந்த ஸென் வரியின் மேல் நின்று ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு எடிட்டர் திறக்கும். நான் சொற்களைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே இடைவெளி கூடாது, இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒன்று வேண்டும். 'மல்டிபூட்2' என்று தொடங்கும் வரி ஸென்னுடையது. அதன் கடைசிக்குப் போய் காம்1=115200,8என்1 என்று சேருங்கள். அடுத்து கொன்சோல்=காம்1,விஜிஏ. அடுத்து லொக்லெவல்=ஓல், இதில் லொக்லெவல் என்பதை எல்-ஓ-ஜி-எல்-வி-எல் என்று சுருக்கி எழுத வேண்டும். அடுத்து சிங்க்_கொன்சோல், சிங்க் என்பது எஸ்-வை-என்-சி, நடுவில் அடிக்கோடு. கடைசியாக நோரீபூட்.

இந்தக் கடைசி இரண்டும்தான் எனக்குப் பிடித்தவை. நோரீபூட் இருந்தால், டொம்0 விழுந்தாலும் ஸென் இயந்திரத்தை ரீபூட் பண்ணாமல் அப்படியே நிற்கும், நீங்கள் ஆறுதலாக வாசிக்கலாம். சிங்க்_கொன்சோல் இருந்தால், வரிகளைக் கிடங்கில் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பாமல் ஒவ்வொன்றாக வயரில் ஏற்றிய பிறகே அடுத்த வேலைக்குப் போகும். பூட் மெதுவாகும். ஆனால் விழுவதற்கு முந்திய அந்தக் கடைசி நாலு வரி, அதாவது நமக்கு வேண்டிய வரி, தொலையாது.

அதற்குக் கீழே 'மாட்யூல்2' என்று தொடங்கி லினக்ஸ் கேர்னலின் பெயர் உள்ள வரி டொம்0வினுடையது. அதில் 'குவயட்' என்று இருந்தால் அழித்துவிடுங்கள், வாயை மூடு என்று நாமே சொல்லி வைத்திருக்கிறோம். கடைசியில் கொன்சோல்=எச்விசி0 என்றும் ஏர்லிபிரிண்ட்கே=ஸென் என்றும் சேருங்கள். கொன்ட்ரோல் எக்ஸ் தட்டினால் பூட் ஆகும். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டுமே, டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. பிழைத்துவிட்டால் ரீசெட் பண்ணித் திரும்பத் தட்டலாம், பயம் வேண்டாம்.

லப்டொப்பில் வரி வரத் தொடங்கும். குப்பை எழுத்தாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. தராசுக்கு வைத்த பழைய வேகம் புட்டியில் அப்படியே கிடக்கலாம். எழுத்து வருகிறது ஆனால் நீங்கள் தட்டுவது போகவில்லை என்றால் புட்டியில் ஃப்ளோ கொன்ட்ரோல் போட்டபடி இருக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் பயோஸில் (சேர்வரைப் போட்டதும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) சீரியல் போர்ட் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது உங்கள் சொக்கெட் காம்2 ஆக இருக்கலாம். அப்போது காம்1 என்று எழுதிய இரண்டு இடத்திலும் காம்2 என்று மாற்றிப் போடுங்கள்.

வாசிக்கும் முறை ஒன்று உண்டு. வளைந்த அடைப்புக்குறிக்குள் ஸென் என்று தொடங்கும் வரிகள் ஹைப்பர்வைசர் சொல்வது. சதுர அடைப்புக்குள் வினாடிக் கணக்கோடு தொடங்குபவை டொம்0 கேர்னல் சொல்வது. எல்லோரும் கடைசி வரியைத்தான் வாசிப்பார்கள். கடைசி வரியில் இருப்பது சாவு அறிவித்தல். நோய் என்னவென்று அதில் இராது. கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருங்கள், 'கேர்னல் பேனிக்' என்ற சொல்லுக்கு மேலே முதலாவதாகக் குறை சொல்லும் வரி எதுவோ அதில் நில்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் அந்த வரி என்னவாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'லோடிங் ஸென்', 'லோடிங் லினக்ஸ்', இரண்டு வரி என்று. மூன்று வர வேண்டும், தங்கச்சி. மூன்றாவது 'லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்'. ராம்டிஸ்க் என்பது, கேர்னல் எழும்பும்போது அதற்கு வேண்டிய டிரைவர்கள் உள்ள துணைப் பைல். நீங்கள் எழுத மறந்ததா, வரவே இல்லையா என்று திரும்ப ஒரு தடவை உற்றுப் பாருங்கள். வரவே இல்லையென்றால் கதை இப்படி இருக்கும்: அப்டேட் புதுக் கேர்னலை இறக்கியது. அதற்குரிய ராம்டிஸ்க் பைலைக் கட்டும்போது பூட் பகுதியில் இடம் தீர்ந்துவிட்டது. நீங்கள் கண்ட பிழைச் செய்தி அதுவாக இருக்கலாம். கேர்னல் வந்தது, துணைப் பைல் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய கேர்னல், அது ஏற்கனவே நினைவகத்தில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் போய் வந்தபோதுதான் புதுக் கேர்னல் முதல் தடவையாக எழும்பப் பார்த்தது. பழி மின்சாரத்தின் மேல் விழுந்துவிட்டது.

அப்படியென்றால் சீரியலில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஓன் அன்னோன்-பிளொக்', அதன் பின்னால் அடைப்புக்குள் 0,0. அந்த இரண்டு பூச்சியத்தையும் கவனியுங்கள். எந்த டிஸ்க் என்றே கேர்னலுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சற்று மேலே, இருக்கிற டிஸ்க் பகுதிகளின் பட்டியல் என்று சொல்லிவிட்டு வெறுமையாக விட்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று கடைக்கு ஓடிப் புது டிஸ்க் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். டெபியனில் சாட்டா டிஸ்க்கைப் பார்க்கும் டிரைவர் அந்த ராம்டிஸ்க் பைலுக்குள்தான் இருக்கிறது. பைல் இல்லை, டிரைவர் இல்லை, ஆகவே டிஸ்க்கும் கண்ணுக்கு இல்லை.

மருந்து சின்னது. பழைய கேர்னலில் எழும்புங்கள். டிஎஃப் -எச் கட்டளையில் பூட் பகுதி நூறு வீதம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏபிடி ஓட்டோரிமூவ் கொடுத்தால் தேவையில்லாத பழைய கேர்னல்கள் போய் இடம் வரும். போகுமுன் எதை அழிக்கப் போகிறது என்று காட்டும், நீங்கள் இப்போது எழும்பியிருக்கும் கேர்னல் அந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு 'வை' தட்டுங்கள். இடம் வந்ததும் டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ கொடுங்கள், பாதியில் நின்ற அப்டேட் விட்ட இடத்திலிருந்து ஓடி ராம்டிஸ்க்கைக் கட்டும். பிறகு அப்டேட்-க்ரப். பூட் பகுதியைத் திறந்து பாருங்கள்: 'விஎம்லினுஸ்' என்று தொடங்கும் ஒவ்வொரு பைலுக்கும் அதே இலக்கத்தில் 'இனிட்ஆர்டி' என்று ஒரு சோடி இருக்க வேண்டும். சோடி இல்லாதது ஒன்று இருந்தால் ரீபூட் பண்ண வேண்டாம்.

என் சந்தேகம் பிழையாகவும் இருக்கலாம். ஸென் வரியிலேயே 'டொமெய்ன் 0 அலொகேஷன் இஸ் டூ ஸ்மோல்' என்று வந்தால், டொம்0வுக்கு ஒதுக்கிய நினைவகத்தை யாரோ குறைத்து எழுதியிருக்கிறார்கள். மல்டிபூட்2 வரியில் டொம்0_மெம் என்ற சொல்லைத் திருத்துங்கள். ரீபூட் ஆகாமல் அடைப்புக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி, கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில் வந்து நின்றால், ராம்டிஸ்க் இருக்கிறது, ரூட் டிஸ்க்தான் கிடைக்கவில்லை. அப்போது பயோஸில் திகதியைப் பாருங்கள். வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பட்டரி தீர்ந்து, அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பி, டிஸ்க் கொன்ட்ரோலர் முறையும் மாறியிருக்கலாம். பட்டரியை மாற்றி முறையைத் திருப்பி வையுங்கள். இவை எதுவுமில்லாமல் ஸென்னின் நாலைந்து வரியோடு எல்லாம் நின்றுவிட்டால் அந்தப் பைலை எனக்கு அனுப்புங்கள். அது கடிதத்தில் தீராத கேஸ்.

எழும்பிய பிறகு நான்கு மெஷினையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். எக்ஸ்எல் லிஸ்ட் கொடுத்து எவை தானாக எழும்பியிருக்கின்றன என்று பாருங்கள், மிச்சத்தை ஒவ்வொன்றாக. நெல் கொள்முதல் கணக்கை முதலில் போட்டு, கரண்ட் போன இரவின் கடைசிப் பற்றுச்சீட்டு அதில் இருக்கிறதா என்று கடதாசியோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திடீரென்று அணைந்ததால் கடைசிப் பதிவு ஒன்றிரண்டு விடுபட்டிருக்கலாம். அது ஸென்னின் குற்றமில்லை.

க்ரப்பில் கையால் தட்டிய அந்தச் சொற்களில் சிங்க்_கொன்சோலும் நோரீபூட்டும் தவிர மற்றவற்றை எட்சி அடைவில் டிஃபோல்ட் என்பதன் கீழ் உள்ள க்ரப் பைலில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். சிங்க்_கொன்சோல் தினசரி ஓட்டத்துக்கு மந்தம். நோரீபூட் நிரந்தரமாக இருந்தால் யாருமில்லாத இரவில் விழுந்த சேர்வர் விடியும்வரை விழுந்தே கிடக்கும். நல் மொடம் கேபிளை சேர்வரின் பின்னால் பொருத்தியபடியே சுருட்டிக் கட்டிவிடுங்கள். மாற்றியை மட்டும் மறக்காமல் தராசுக்குத் திருப்பிக் கொடுங்கள், விடியற்காலையில் முதல் லொறி வந்துவிடும்.